உங்களுக்குத் தெரியுமா? கூடங்குளம் உலை: கட்டியவர்களின் கணக்கு

திருவனந்தபுரத்துக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோடு போட்டால் நூறு கிலோமீட்டர்கூட வராது. நடுவில் மாநில எல்லை இருந்தாலும், கூடங்குளம் அணு உலையின் கதையில் கேரளத் தலைநகருக்கும் இடம் உண்டு. அணுவைப் பிளப்பது ஒரு பாடு. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை வரிசை தப்பாமல் முடிப்பது ஒன்பது பாடு!

கயிற்றில் ஒட்டிய மணல்
1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி அவர் வந்து சேர்ந்த ஊர் மணவாளக்குறிச்சி. மோனசைட்டில் அணுசக்திக்கு உதவும் தோரியம் இருக்கிறது. அன்று அதற்கு மவுசு வந்தது அணுவால் அல்ல, காஸ் விளக்கால். விளக்கின் மேன்டில் பளிச்சென்று எரியத் தோரியம் வேண்டும். திருவிதாங்கூரோடு இருந்த அந்த ஊர் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது.

ராக்கெட்டுக்கு அணுசக்தித் துறை
1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது இஸ்ரோ பிறக்கவில்லை. விண்வெளிப் பணிகள் அணுசக்தித் துறையின் கீழ்தான் நடந்தன. விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய் 1966 முதல் அணுசக்தி ஆணையத்துக்கும் தலைவர். 1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில் அவர் உயிர் பிரிந்தபோதும் அந்தப் பொறுப்பில்தான் இருந்தார்.

கையெழுத்துக்கு அப்புறம் 13 ஆண்டு
கூடங்குளத்துக்காக ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் செய்தது 1988 நவம்பர் 20. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கோப்பு உறங்கியது. 1998 ஜூன் 21-இல் துணை ஒப்பந்தம் எழுதி எழுப்பினார்கள். வடிவமைப்பும் முக்கியக் கருவிகளும் ரஷ்யாவுடையவை. கட்டி நிறுவுவது இந்திய அணுமின் கழகத்தின் பொறுப்பு. முதல் கான்கிரீட் விழுந்தது 2002 மார்ச் 31. அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலை 13. கட்டியது 11 ஆண்டு. கட்டத் தொடங்கவே 13 ஆண்டு!

பிறந்த நாள் எது?
பூமி பூஜை போட்ட நாளோ அடிக்கல் நாட்டிய நாளோ அணு உலைக்குப் பிறந்த நாள் ஆகாது. உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் முதல் கான்கிரீட் கொட்டும் நாளைத்தான் சர்வதேச அணுசக்தி முகமை கட்டுமானத் தொடக்கமாக எழுதிக்கொள்ளும். பள்ளம் தோண்டியது, பாறை உடைத்தது எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

புதுப்பானைப் பழக்கம்
புது மண்பானையில் எடுத்த எடுப்பில் சோறு பொங்குவோமா? கஞ்சித்தண்ணீர் கொதிக்கவிட்டுப் பழக்குவோம். உலைக்கும் அப்படியே. யுரேனியம் வைக்கும் முன், அதே அளவும் எடையும் கொண்ட பொய் எரிபொருள் கட்டுகளை உள்ளே இறக்கி, நீரை அழுத்தத்தோடு சூடாக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எங்கே கசிகிறது, எங்கே அதிர்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கூடங்குளம் உலை ஒன்றில் இறங்கும் கட்டுகள் 163.

பேச்சிப்பாறை வேண்டாம், கடல் போதும்
பேச்சிப்பாறை அணையை 1906-இல் கட்டி முடித்தது திருவிதாங்கூர் அரசு. கூடங்குளத்துக்கு நன்னீர் அங்கிருந்துதான் வருவதாக முதலில் திட்டம். குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் உலை வளாகத்திலேயே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்தது. வயலுக்கு அணைத் தண்ணீர், உலைக்குக் கடல் தண்ணீர்!

தரையில் ஏறாத பாரம்
உலைக்கான ஒரு நீராவிக் கலனின் எடை ஏறக்குறைய 300 டன். நம்மூர்ப் பாலங்கள் அதைத் தாங்காது. ரஷ்யாவிலிருந்து தூத்துக்குடி வரை கப்பல். அங்கிருந்து மிதவைப் படகில் கரையோரமாகக் கூடங்குளம். 2023 செப்டம்பரில் இப்படி இரண்டு கலன்களோடு வந்த மிதவையின் இழுவைக் கயிறு அறுந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உலை வளாகம் தெரிய, மிதவை பாறையில் மாட்டிக்கொண்டது.

எரிகுழம்புக்கு ஒரு அண்டா
உலைக்கு நேர் கீழே ஒரு பெரிய எஃகுக் கலம் உண்டு. ஒருக்கால் எரிபொருள் உருகி அடி விட்டுப் போனால், அந்தக் குழம்பை வாங்கிக்கொள்ள இது. உள்ளே இரும்பு ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் நிரப்பியிருப்பார்கள். குழம்போடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கும். ஆயுள் முழுக்க அதற்கு வேலை வராமல் இருப்பதுதான் எல்லோருக்கும் வேண்டுதல்!

ராக்கெட்காரர் தலைமையில் குழு
2011-இல் இடிந்தகரையில் உலைக்கு எதிரான போராட்டம் வலுத்தபோது, மக்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல மத்திய அரசு 15 பேர் குழுவை அமைத்தது. ஒருங்கிணைத்தவர் ஏ.இ. முத்துநாயகம். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தை வளர்த்தெடுத்த அதே முத்துநாயகம்தான்!

கரண்ட் ரெடி, கம்பி?
முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கேரளாவுக்கு 266 என்று பிரித்தார்கள். முதல் உலை 2014 டிசம்பர் 31-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. ஆனால் மின்சாரத்தைக் கேரளாவுக்குள் நேரே கொண்டுபோக வேண்டிய இடமண்–கொச்சி உயரழுத்தப் பாதை, நிலத் தகராறில் சிக்கி, 2019-இல்தான் முடிந்தது. மொத்தமே 148 கிலோமீட்டர். ரஷ்யாவிலிருந்து உலை வந்து சேர்ந்துவிட்டது. ரப்பர் தோட்டங்களைத் தாண்டிக் கம்பி வரத்தான் நாளானது!