காருக்கு ஏன் ஊர் பார்க்கிறார்கள்?

ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில், ஒரே மாதிரியான இரண்டு கார்கள் வெளிவருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சென்னையில் பதிவாகிறது. மற்றொன்று மதுரையில் பதிவாகிறது. விலை ஒன்று, எஞ்சின் ஒன்று, நிறமும் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? விடை, உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள நிகழ்தகவுப் பாடத்தில் இருக்கிறது.

பலர் சுமக்கும் சுமை

ஓர் ஊரில் 1000 கார்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 20 கார்களில் ஒன்று எங்காவது மோதிச் சேதமடைகிறது. பழுது பார்க்கச் சராசரியாக 40,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் அந்த ஊரில் ஆண்டுக்கு 50 கார்கள். மொத்தச் செலவு 20 லட்சம் ரூபாய். இதை 1000 பேரும் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 2000 ரூபாய். இன்ஷூரன்ஸின் அடிப்படை இவ்வளவுதான். கம்பெனியின் நிர்வாகச் செலவும் இலாபமும் இதற்கு மேல் சேரும்.

பக்கத்து ஊரில் நெரிசல் அதிகம். அங்கே 10 கார்களில் ஒன்று சேதமடைகிறது என்றால், அதே கணக்குப்படி ஆளுக்கு 4000 ரூபாய் ஆகிவிடும். கார் மாறவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை, ஊர் மாறியதால் கட்டணம் மாறிவிட்டது!

எந்தக் கார் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய எத்தனை கார்கள் மோதும் என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை பெருகப் பெருக, கணிப்பும் உண்மையும் நெருங்கி வரும். இதைக் கணித முறையில் நிறுவியவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1713-இல் வெளிவந்த நூலில் இந்தப் 'பேரெண் விதி' இடம்பெற்றது.

வரைபடத்தில் ஒரு கோடு

நம் நாட்டில் 2002-இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் காப்பீட்டுக் கட்டணப் பட்டியல், தனியார் கார்களுக்காக இந்தியாவை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா, புது டில்லி, பெங்களூர், ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்களும் 'ஏ' மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் 'பி' மண்டலம்.

1000 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத வயதும் உள்ள காருக்கு, அதன் மதிப்பில் 'ஏ' மண்டலத்தில் 3.127 சதவீதம், 'பி' மண்டலத்தில் 3.039 சதவீதம். கார் 5 லட்சம் ரூபாய் பெறுமானால் முன்னதற்கு 15,635 ரூபாய், பின்னதற்கு 15,195 ரூபாய். வித்தியாசம் 440 ரூபாய். 2007 முதல் காரின் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளும் நிலை வந்தது. எனவே இன்று கம்பெனிக்குக் கம்பெனி கட்டணம் வேறுபடும். ஆனால் ஊர் பார்க்கும் வழக்கம் போய்விடவில்லை.

எந்த ஊர்? கார் இரவில் நிற்கும் ஊர் அன்று. அது பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஊர். இந்தப் பட்டியல் மண்டலத்தை அப்படித்தான் தீர்மானித்தது. பூந்தமல்லி வண்டிகளின் பதிவு எண்ணில் 12 இருக்கும். அம்பத்தூர் வண்டிகளுக்கு 13. எண் பலகையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஊர்கள் வளர்கின்றனவே! தனி நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிகளும் எல்லைக் கோட்டைப் பார்த்து வேகத்தை மாற்றுவதில்லை. வரைபடத்தில் கோடு போடுவது எளிது. ஆபத்து அந்தக் கோட்டின்படி நடந்துகொள்ளாது.

வெள்ளம் வந்தால்?

இப்போது வகுப்பில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 40 மாணவர்கள் ஆளுக்கு ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். எத்தனை தலை விழுகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் 14-க்கும் 26-க்கும் இடையில்தான் இருக்கும். அடுத்து, ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். அதில் விழுவதையே 40 பேரும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். இப்போது 40 தலை, அல்லது ஒன்றுமே இல்லை! சராசரி மாறவில்லை. ஆனால் கணிப்பு தூள்தூளாகிவிட்டது.

சாலை விபத்து முதல் வகை. ஒரு கார் மோதுவதால் அடுத்த தெருக் கார் மோதுவதில்லை. வெள்ளம் இரண்டாம் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொரட்டூரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் நீர் சூழ்ந்தது. இத்தகைய வேளையில் ஒரு தெருவில் நிற்கும் கார்கள் எல்லாம் ஒன்றாகவே நனைகின்றன.

நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் இன்னும் பெரிய கேடு. எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது; காற்று சுருங்கும். அங்கே நீர் புகுந்திருந்தால் அது சுருங்காது. பிஸ்டனின் தள்ளு விசை முழுவதும் இணைப்புத் தண்டின் மீதே திரும்பி, அதை வளைத்துவிடும்.

இப்படி ஓர் ஊரே நனையும்போது, அந்த ஊரார் மட்டும் சேர்த்த பணம் போதாது. அதே நாளில் நனையாத மதுரைக்காரரும் கோவைக்காரரும் கட்டிய பணம் வேண்டும். ஆகவேதான் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல ஊர்களில் ஆள் சேர்க்கின்றன. தங்கள் பொறுப்பில் ஒரு பகுதியை வேறு கம்பெனிகளிடம் மறுகாப்பீடும் செய்கின்றன.

தெருவுக்குத் தெரு கட்டணமா?

மேட்டுத் தெருக்காரர், "என் தெருவில் நீர் நிற்பதில்லை; நான் ஏன் பள்ளத் தெருவுக்காகக் கட்ட வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெருவுக்குத் தெரு பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஒவ்வொருவரும் தம் நஷ்டத்தைத் தாமே சுமக்க வேண்டியதுதான். அதற்கு இன்ஷூரன்ஸ் எதற்கு? பள்ளத்தில் வீடு கிடைத்தவருக்கோ கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த விவாதம் வாக்குச்சாவடி வரை போயிற்று. ஒருவர் எப்படி ஓட்டியிருக்கிறார், எவ்வளவு தூரம் ஓட்டுகிறார், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் என்பவையே கட்டணத்தை முதன்மையாகத் தீர்மானிக்க வேண்டும் என்று 1988-இல் மக்கள் வாக்களித்தனர்.

நம் நாட்டில் காப்பீடு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. நம் காருக்கு வரும் சேதத்துக்கானது ஒன்று. அது நம் விருப்பம். நம் கார் பிறருக்கு இழைக்கும் தீங்குக்கானது மற்றொன்று. அது சட்டப்படி கட்டாயம். இந்த இரண்டாவதற்கு ஊர் பார்ப்பதில்லை! 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக் கட்டணம் 2,094 ரூபாய். ஆவடியானாலும் அலகாபாத்தானாலும் அதே தொகைதான். அடிபட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மோதிய வண்டி எந்த ஊரில் பதிவானது என்பதைப் பொறுத்திருக்கக் கூடாதல்லவா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வண்டி இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு அதன் இன்ஷூரன்ஸ் தாளை வாங்கிப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கு ஒரு தொகையும், மூன்றாம் நபருக்கு ஒரு தொகையும் தனித்தனியே போட்டிருக்கும். முதல் தொகை நம் ஊரின் ஆபத்தை அளந்து போட்டது. இரண்டாவது, நாடு முழுவதும் சேர்ந்து சுமப்பது. எதை ஊர்வாரியாகப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது? வகுப்பில் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்!