அனுப்பிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை?



நமது ஆதரவாளர்களில் பலர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துகிறவர்கள். லேத் பட்டறை, பெயின்டிங் யூனிட், அட்டைப்பெட்டி தயாரிப்பு, அச்சகம், தையல் கூடம் என்று பலவிதம். சில காலமாக இவர்களிடமிருந்து ஒரே விதமான முறையீட்டைக் கேட்டு வருகிறேன். "கொட்டேஷனை ஈமெயிலில் அனுப்பினோம் ஐயா, வரவே இல்லை என்கிறார்கள், பிறகு பார்த்தால் ஸ்பேமில் கிடந்ததாம்." ஆகவே இந்த இதழில் அந்தக் காரியத்தை என்னால் இயன்ற அளவு விளக்கலாம் என்று எண்ணினேன். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து வாசிப்பது நல்லது.

இது அற்ப காரியம் அல்ல. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று நான்கு பட்டறைகளிடம் விலை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கொட்டேஷன் கிடைத்துவிட்டால் நான்காவதைத் தேடிக்கொண்டிருக்க பர்ச்சேஸ் அதிகாரிக்கு நேரம் ஏது? இன்வாய்ஸ் ஸ்பேமில் விழுந்தால் இன்னும் கஷ்டம். சிறு, குறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு, அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் "பில் வரவில்லையே" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு சொல்லிவிட்டால், சட்டத்தைக் காட்டிச் சண்டை போடவா முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாகவேண்டும் அல்லவா?

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு வெகு காலம் முன்பே, 1978 மே 3 அன்று, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர், அப்போதிருந்த ஆர்பாநெட் வலையில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த மொத்த விளம்பரக் கடிதங்களில் அதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. பெற்றவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஸ்பேம் என்பது உண்மையில் 1937 முதல் டின்னில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். எதைக் கேட்டாலும் அதையே கொண்டுவந்து வைக்கும் ஓர் உணவு விடுதியைப் பற்றி 1970-ல் இங்கிலாந்து தொலைக்காட்சியில் வந்த ஒரு வேடிக்கை நாடகத்திலிருந்து அந்தப் பெயர் ஈமெயிலுக்கு ஒட்டிக்கொண்டது.

சரி, நேர்மையாகத் தொழில் செய்கிறவருடைய கடிதம் ஏன் குப்பையில் விழவேண்டும்? அதற்கு ஈமெயில் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். 1982-ல் அதன் விதிகளை எழுதியபோது ஒருவரையொருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே அதைப் பயன்படுத்தின. அனுப்புகிறவர் உண்மையாகவே அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் வைக்கப்படவில்லை. இன்லாண்டு லெட்டரின் பின்புறத்தில் "அனுப்புநர்" என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபால் பெட்டியில் போடலாம் அல்லவா? ஈமெயிலும் அப்படியே. உங்கள் பட்டறையின் பெயரில் வேறொருவன் எங்கோ உட்கார்ந்து கடிதம் அனுப்பலாம்.

இந்தத் தொல்லை புதிதல்ல. தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், தம்முடைய பெயரால் வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்கவேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். அதே நிருபத்தின் முடிவில், தம் கைப்பட எழுதும் வாழ்த்துதலே தம் நிருபங்களுக்கெல்லாம் அடையாளம் என்கிறார். கையெழுத்தைக் கண்டு கடிதத்தை அறியும் அந்த ஏற்பாட்டைத்தான் கம்ப்யூட்டர் வல்லுநர்கள் வெகு காலம் கழித்து ஈமெயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்தவை மூன்று. பெயர்களைக் கேட்டால் என்னைப்போல் அறுபதைக் கடந்தவர்களுக்குத் தலை சுற்றும். பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலாவது எஸ்.பி.எஃப். உங்கள் கம்பெனிக்குச் சொந்தமான இணையப் பெயர், அதாவது டொமைன், ஒன்று இருக்குமானால், அந்தப் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலை டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பது. கடிதத்தைப் பெறுகிற கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும்.

சிறு கம்பெனிகள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஈமெயில் ஓரிடத்தில், வெப்சைட் வேறோரிடத்தில், பில் போடும் சாஃப்ட்வேர் மூன்றாவது இடத்தில் இருக்கும். பட்டியலில் முதலாவது மட்டும் இருக்கும். கைப்பட அனுப்பும் கடிதம் ஒழுங்காகப் போகும். சாஃப்ட்வேர் தானாக அனுப்பும் இன்வாய்ஸ் மட்டும் ஸ்பேமுக்குப் போகும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பார்கள். இதைச் சரிசெய்ய வந்தவர், இருந்த பட்டியலில் சேர்க்காமல் புதிதாக இரண்டாவது பட்டியல் ஒன்றை எழுதிவிட்டால் இரண்டுமே செல்லாமற்போகும். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். பட்டியல்தான் இருக்கவேண்டும். அதைப் படிக்கும்போது வேறு பதிவுகளைத் தேடிப் போகக்கூடிய தடவைகளும் 10-க்கு மேல் போகக்கூடாது.

இரண்டாவது டி.கே.ஐ.எம். இதுவே முத்திரை. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு முத்திரையிடுகிறது. அதற்கு இணையான பொதுச் சாவி அதே பதிவேட்டில் எல்லாரும் காணும்படி இருக்கும். பெறுகிறவரின் சர்வர் அதைக்கொண்டு முத்திரையைச் சோதிக்கும். முத்திரையிட்ட பகுதியை வழியில் யாராவது மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். முதல் இரண்டில் ஒன்றாவது தேறவேண்டும். தேறிய அந்தப் பெயரும், வாடிக்கையாளர் தம் கண்ணால் காணும் அனுப்புநர் பெயரும் ஒத்திருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று டொமைனின் சொந்தக்காரர் சொல்லி வைக்கும் கட்டளையே டிமார்க். ஒன்றும் செய்யவேண்டாம், தகவல் மட்டும் தாருங்கள் என்று சொல்லலாம். ஸ்பேமில் போடுங்கள் என்று சொல்லலாம். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லலாம். தொடங்குகிறவர்கள் முதல் கட்டளையோடு தொடங்கி, சில வாரங்கள் வரும் அறிக்கைகளைப் பார்த்து, தங்கள் சொந்தக் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று கண்ட பிறகே கடுமையாக்கவேண்டும். முதல் நாளே திருப்பி அனுப்பச் சொன்னால் உங்கள் இன்வாய்ஸே திரும்பி வரும்.

முன்பு இவையெல்லாம் இருந்தால் நல்லது என்ற நிலை இருந்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும். விளம்பரக் கடிதமானால் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியும் வேண்டும். மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2025 மே மாதம் முதல் இதேபோன்ற விதி வைத்தது. "நாங்கள் நாளைக்கு நாற்பது கடிதம்தானே அனுப்புகிறோம்" என்பீர்கள். நாற்பது அனுப்புகிறவர்களுக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்பது கூகுளின் விதி. செய்வதை மூன்றாகவே செய்துவிடுங்கள் என்பது என் யோசனை. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. விஷயம் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

கம்பெனிக்கென்று டொமைன் இல்லாமல் ஜிமெயில் முகவரியையே வைத்திருப்பவர்கள் அநேகர். ஜிமெயிலைத் திறந்து அங்கிருந்தே அனுப்பும்வரை மேற்கண்டவற்றை கூகுளே பார்த்துக்கொள்ளும். ஆனால் வேறொரு சாஃப்ட்வேர் மூலம், தன்னை ஜிமெயில் முகவரி என்று காட்டிக்கொண்டு அனுப்பினால் அது போலிக் கடிதத்தைப் போலவே தோன்றும். யாகூ 2014-லேயே அப்படிப்பட்ட கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி கட்டளையிட்டுவிட்டது. ஆகவே பில் அனுப்பும் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் சொந்த டொமைன் வாங்குவதே உத்தமம். அதில் ஈமெயில் நடத்தித்தர கூகுள், மைக்ரோசாஃப்ட் மட்டுமல்ல, நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோவும் இருக்கிறது. எதை வாங்கினாலும் வழி ஒன்றுதான்.

தேறியதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கம்பெனி முகவரியிலிருந்தும், பில் சாஃப்ட்வேரிலிருந்தும் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒவ்வொரு கடிதம் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பெயர்களும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் "பாஸ்" என்று இருக்கவேண்டும். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல்தான்.

இத்தனையும் தேறிய பின்பும் கடிதம் ஸ்பேமுக்குப் போகிறதென்றால், அது பெரும்பாலும் நற்பெயர் சம்பந்தப்பட்டது. முத்திரை உங்களை இன்னார் என்று காட்டும். நல்லவர் என்று காட்டாது. பெற்றவர்களில் எத்தனை பேர் "இது ஸ்பேம்" என்று புகார் செய்கிறார்கள் என்பதை ஜிமெயில் கணக்கு வைத்திருக்கிறது. அது 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறார்கள். ஆயிரம் பேருக்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே உங்கள் பெயர் கெட்டது என்று அர்த்தம்.

ஆகவே "இருபதாயிரம் கம்பெனி முகவரிகள், குறைந்த விலை" என்று சி.டி.யிலோ வாட்ஸ்அப்பிலோ விற்கிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்லுகிறேன். அந்தப் பட்டியலில் செத்த முகவரிகள் இருக்கும்; ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளும் இருக்கும். தீபாவளி வாழ்த்து என்று ஒரே நாளில் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, மறுநாள் முக்கியமான கொட்டேஷன் போய்ச் சேரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. புதிதாக வாங்கிய டொமைனிலிருந்தும் முதல் வாரமே நூற்றுக்கணக்கில் அனுப்பாமல், தெரிந்த வாடிக்கையாளர்களோடு தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவேண்டும்.

கடிதத்தின் உள்ளடக்கமும் கொஞ்சம் கவனிக்கத்தக்கது. எழுத்தே இல்லாமல் ஒரே படமாக நோட்டீஸை ஒட்டி அனுப்புவது, சுருக்கப்பட்ட லிங்க் வைப்பது, டிராயிங் ஃபைல்களைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக அனுப்புவது, இவையெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும். விஷயம் என்ற வரியில் "அவசரம்" என்பதற்குப் பதிலாக வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை எழுதுங்கள். அவர் தேடிப் பார்க்கும்போதும் அதுவே உதவும்.

வாடிக்கையாளர் ஒரு தடவை உங்களுக்குப் பதில் எழுதினாலும், உங்கள் முகவரியைத் தம் தொடர்புகளில் சேர்த்துக்கொண்டாலும், ஸ்பேமில் கிடந்ததை "ஸ்பேம் அல்ல" என்று அழுத்தினாலும் அடுத்த கடிதங்கள் நேரே வருவதற்கு அது துணைசெய்யும். முதல் ஆர்டரின்போதே இதைக் கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். பெரிய கம்பெனிகளில் சில கடிதங்கள் ஸ்பேம் பெட்டிக்குக்கூட வராமல், அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவு மட்டுமே காணக்கூடிய தனி அறையில் நிறுத்தி வைக்கப்படும். "ஸ்பேமிலும் இல்லை" என்று பர்ச்சேஸ் அதிகாரி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அங்கே பார்த்து விடுவிக்கச் சொல்லுங்கள். நமது இதழைப் பெறும் நீங்களும், ஈமெயிலில் அனுப்பப்படும் நன்கொடை ரசீது வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிமெயிலில் அங்கே விழுந்தவை 30 நாட்களில் தானாக அழிந்துபோகும்.

ஆனால் அங்கே கிடப்பவற்றில் பெரும்பாலானவை குப்பைதான், சில அபாயமானவையும்கூட. குறிப்பாக, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடவும்" என்று உங்கள் சப்ளையர் பெயரில் வரும் கடிதம் எந்தப் பெட்டியில் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பவேண்டாம். அந்தக் கடிதத்திலேயே கொடுத்திருக்கும் நம்பரில் அல்ல.

இன்னும் ஒன்று. மேற்கண்ட மாற்றங்களைச் செய்ய டொமைன் கணக்குக்குள் நுழையவேண்டும். பல பட்டறைகளில் அதன் கடவுச்சொல் முதலாளியிடம் இருப்பதில்லை; சில வருடங்களுக்கு முன் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனிடம் இருக்கும், அவரோ பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பார். டொமைன் அவர் பெயரிலேயே பதிவாகி இருப்பதும் உண்டு. புதுப்பிக்கும் தேதி தவறினால் ஸ்பேமுக்குக்கூடக் கடிதம் போகாது, எல்லாம் நின்றுவிடும். ஆகவே முதல் வேலையாக அவரைத் தேடிப் பிடித்து, டொமைனைக் கம்பெனி பெயருக்கு மாற்றி, டொமைன், ஈமெயில், வெப்சைட் மூன்றின் கடவுச்சொற்களையும் புதுப்பிக்கும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஜி.எஸ்.டி. சான்றிதழ் வைத்திருக்கும் அதே ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.