குல்மார்க்குக்கு முன் ஸ்ரீநகரில் ஓர் இரவு

காலையில் சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறினால், பிற்பகலில் ஸ்ரீநகரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். சாலை நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரம். "அப்புறம் எதுக்கு சார் ஸ்ரீநகர்ல ஒரு ராத்திரியை வேஸ்ட் பண்றீங்க? நேரா மேல போயிடுங்க" என்பார் டிராவல் ஏஜென்ட். ஓர் இரவு அறை வாடகை மிச்சம், பனிச்சறுக்குக்கு அரை நாள் கூடுதல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி மாதம் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். அந்த மாதத்தில் டெல்லியும் ஸ்ரீநகரும் போட்டி போட்டுக்கொண்டு மூடுபனியில் மூழ்கும். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அடுத்தது கைநழுவும். ஒருவழியாக வந்து இறங்கினால் ஆள் ஸ்ரீநகரில், பெட்டி டெல்லியில் என்று ஆவதும் உண்டு. மாலை ஐந்தரை மணியளவில் பள்ளத்தாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதற்குப் பிறகு மலையடிவார ஊரான டங்மார்க் போய்ச் சேர்ந்து, பனி உறைந்த மலைப்பாதையில் கடைசி 13 கிலோமீட்டரை இருட்டில் ஏறுவது, பனியையே சினிமாவில் மட்டும் பார்த்த குடும்பத்துக்கு நல்ல தொடக்கம் அல்ல.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கேபிள் காரில் ஏறினால் முதல் கட்டம் கொங்டூரியில் 3,000 மீட்டரைத் தாண்டிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் இறக்கும். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்கு உயர நோய் எட்டிப் பார்க்கத் தொடங்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவைதான் முதல் அறிகுறிகள். விடிகாலையில் மெரினா பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பியவர் அன்றிரவே குல்மார்க்கில் படுத்து, மறுநாள் காலை அஃபர்வாட் உச்சிக்குப் போனால், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் உயரத்தை ஒன்றரை நாளில் ஏறியிருப்பார். நடுவே ஸ்ரீநகரில் ஓர் இரவு தூங்கினால் உடம்பு முழுதாகப் பழகிவிடாது. ஆனால் நாள் முழுக்க அலைந்த அலுப்போடும் நீர் வற்றிய உடம்போடும் மலை ஏறாமல் இருக்கலாம். அதுவே பெரிய வித்தியாசம். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இனி, அந்த ஓர் இரவை எங்கே கழிப்பது?

படகு வீடு என்றுதான் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். தால் ஏரியில் செதுக்கு வேலைப்பாடுள்ள தேவதாரு மரப் படகு, காஷ்மீர்க் கம்பளம், ஜன்னலுக்கு வெளியே சபர்வான் மலை. ஏப்ரலில் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஜனவரியில் யோசிக்க வேண்டும். மரச் சுவரின் இடுக்கு வழியே குளிர் உள்ளே வரும். புகாரி எனப்படும் தகர அடுப்பு பெரும்பாலும் கூடத்தில்தான் எரியும். படுக்கையறைக்கு மின்போர்வையே கதி. பல படகுகளுக்கு ஷிகாரா எனப்படும் சிறு படகில்தான் போக வேண்டும். நான்கு பேர், ஆறு பெட்டி, பூஜ்யத்துக்குக் கீழே வெப்பநிலை, விடியாத காலை. 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி பதிவானது. தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்துபோய்ப் படகுகள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு நகர்ந்தன. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாள்களுக்குக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தின் மிகக் கடுமையான பகுதி அது. பனிச்சறுக்குக்காரர்கள் தேடி வருவதும் சரியாக அந்த நாள்களைத்தான்.

ஆகவே சறுக்குப் பயணத்துக்கு முந்தைய இரவுக்கு ராஜ்பாக், லால் சௌக் பக்கம் சாலையோரமாக உள்ள சாதாரண ஹோட்டலே மேல். கார் வாசல்வரை வரும், விமான நிலையமும் 15 கிலோமீட்டருக்குள்தான். படகு வீட்டு ஆசை இருந்தால் திரும்பி வரும்போது தீர்த்துக்கொள்ளலாம். அறை பதிவு செய்யும்போது ஏரி தெரியுமா என்று கேட்பதைவிட, அறை முழுவதும் சூடாகுமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, காலை ஏழு மணிக்கு வெந்நீர் வருமா என்று கேட்பது புத்திசாலித்தனம். இன்னொன்றும் முக்கியம். குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கேஸ் ஹீட்டரையோ கரி அடுப்பையோ எரிய விட்டுத் தூங்கக் கூடாது. வாசனையோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காஷ்மீரில் குளிர்காலம்தோறும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன; சுற்றுலாப் பயணிகளும் அதற்கு விலக்கல்ல.

கைபேசி விஷயத்தில் பலர் அங்கே போன பிறகுதான் விழிக்கிறார்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருந்தால்தான் டிரைவரைக் கூப்பிட முடியும்.

பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் இருப்பது இரண்டரை மணி நேரம். முகல் தோட்டங்கள், சங்கராச்சாரியார் மலை, ஷிகாரா சவாரி என்று எல்லாவற்றையும் அதற்குள் திணிப்பது வீண். குளிர்காலத்தில் தோட்டங்களில் பூவும் இல்லை, சினார் மரங்களில் இலையும் இல்லை. அந்த நேரத்துக்குப் பொருத்தமானது ஜீலம் கரையிலுள்ள பழைய நகரம்தான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்ட கான்கா-இ-மௌலா மரத்தாலான தர்கா. அதன் சுவரிலும் உத்தரத்திலும் உள்ள காகிதக்கூழ் வண்ண வேலைப்பாட்டை வாசலில் நின்றே பார்க்கலாம். சற்றுத் தள்ளி ஜாமியா மசூதி, அதன் கூரையைத் தாங்கும் 370-க்கும் மேற்பட்ட தேவதாரு மரத் தூண்கள். கடைத்தெருவில் எதிரே வருபவர்களின் ஃபெரான் அங்கிகள் வயிற்றருகே புடைத்திருக்கும். உள்ளே காங்டி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கனலும் கரி. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அவர்கள் பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும்.

மீதி நேரம் லால் சௌக்குக்கும் போலோ வியூவுக்கும். இது வேடிக்கை பார்க்கிற ஷாப்பிங் இல்லை. கம்பளிக் கையுறையோடு சறுக்கப் போகிறவருக்கு முதல் தடவை விழுந்து எழுந்ததுமே விரல்கள் நனைந்து மரத்துப்போகும். தண்ணீர் புகாத கையுறை, தடித்த நீளக் காலுறை இரண்டு ஜோடி, கண்ணுக்குக் காகிள்ஸ், உதட்டுக்குக் களிம்பு, சன்ஸ்கிரீன். இவற்றில் எது விட்டுப்போனாலும் நகரத்திலேயே வாங்கிவிட வேண்டும். மேலே கடைகள் குறைவு, விலை அதிகம். ஸ்கீ, பூட்ஸ், கோல்கள் ஆகியவற்றைக் குல்மார்க்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. பெட்டி டெல்லியிலேயே தங்கிவிட்டாலும் இந்த மாலை நேரம் கைகொடுக்கும். நேரே மேலே போனவருக்கு அந்த வசதி இல்லை. மருந்தும் ஒரு செட் உள் கம்பளி உடையும் எப்போதும் கைப்பையில் இருப்பது நல்லது.

இரவு வாஸ்வான் எனப்படும் இறைச்சி விருந்து வேண்டாமென்று சொன்னால் காஷ்மீரிகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் வேண்டாம். ரிஸ்தா, கோஷ்தாபா என்ற இறைச்சி உருண்டைகள் நெய்யும் மசாலாவுமாக வயிற்றில் உட்கார்ந்துகொண்டால் மறுநாள் மலைப்பாதை வளைவுகளில் தொல்லைதான். ரெசிடென்சி சாலையில் 1918 முதல் இயங்கும் அஹ்தூஸ் போன்ற இடங்களில் ஒரு தட்டு யக்னியும் (தயிரில் வேகவைத்த இறைச்சி) சோறும் போதும். சைவக்காரர்களுக்குத் தாமரைத் தண்டில் செய்த நத்ரு யக்னி, ஹாக் கீரை, ராஜ்மா கிடைக்கும். மதுவைத் தவிர்த்து, தண்ணீரை மறக்காமல் குடிக்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது.

விருந்தைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஸ்ரீநகரில் விடிய ஏழரை மணி ஆகும். அதற்கு முன்பே ஆலி கதல் பகுதியின் ஹரீசாக் கடைகளில் கூட்டம் சேர்ந்திருக்கும். ஆட்டிறைச்சி, அரிசி, சோம்பு, ஏலக்காய், பட்டை எல்லாவற்றையும் அடுப்பு மேடைக்குள் புதைத்த பெரிய பானையில் இரவெல்லாம் வேகவிட்டு, எலும்பை நீக்கி, மரத்துடுப்பால் கடைந்து கடைந்து களிபோல ஆக்கியிருப்பார்கள். கடைக்காரர் அந்த மேடையின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பானையிலிருந்து அள்ளித் தட்டில் வைப்பார். சிறிய வாணலியில் புகையக் காய்ச்சிய எண்ணெயை மேலே ஊற்றுவார். சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள், பக்கத்துக் காந்தூர் (ரொட்டிக்காரர்) கடைத் தந்தூரிலிருந்து வந்த சூடான கிர்தா ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். குளிர்கால மாதங்களில் மட்டும் கிடைக்கிற பண்டம் இது. காலை பத்து மணிக்குள் பானை காலியாகிவிடும். கூடவே உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாய். முதல் மடக்கில் தமிழ் நாக்குக்குப் பிடிக்காது. மூன்றாவது மடக்கில் முடிவு செய்யலாம்.

ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். சாலையில் பனி அகற்றும் இயந்திரங்கள் ஒரு சுற்று போய்வந்திருக்கும். நார்பல், மாகாம் வழியாக டங்மார்க். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி ஏந்திச் சென்று, ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆம் இடம் பிடித்த ஆரிஃப் கான் இந்தப் பகுதிக்காரர்தான். பனி கொட்டிய நாள்களில் டங்மார்க்குக்கு மேலே சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளையோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையோ மட்டும்தான் விடுவார்கள். வண்டி மாறவேண்டி வந்தால் அந்தக் காசு யாருடையது என்பதை முந்தைய இரவே டிரைவரிடம் பேசி முடித்துவிட வேண்டும். சாலையோரத்தில் பேரம் பேசும் வலு பயணிக்கு இருக்காது.

இவ்வளவு திட்டமிட்டும் பனியே பெய்யாமல் போகலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. ஸ்ரீநகரில் தங்கும் இரவு இந்த விஷயத்திலும் உதவும். அன்று மாலை வானிலை அறிவிப்பையும், குல்மார்க் ஹோட்டல்காரர் சொல்வதையும் கேட்டு, மறுநாள் கிளம்புவதா, ஒரு நாள் தள்ளுவதா என்று முடிவெடுக்கலாம். 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே எது திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் வண்டிகள் ஓடுகின்றன என்பதையும் அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

ஒரே ஓர் இரவுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் அதை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? காலை பதினொரு மணிக்குள் ஸ்ரீநகரில் இறங்கிவிடும் டெல்லிக்காரர் பின்னால் வைத்துக்கொள்ளலாம்; திரும்பும் நாளில் மலைப்பாதை அடைபட்டால் விமானத்தைத் தவறவிடாமல் இருக்க அது உதவும். சென்னை, மதுரை, கோவையிலிருந்து நாள் முழுக்கப் பயணம் செய்து வருபவர்களுக்கு முன்னால்தான் சரி. விடுமுறை அனுமதித்தால் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இரவு.

கொண்டோலாவுக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யும்போதும் இதே நிதானம் வேண்டும். முதல் கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் ஓடத் தொடங்கின. பலத்த காற்று அடித்தால் மேல் கட்டத்தை இன்றும் நிறுத்திவிடுவார்கள். குல்மார்க் போய்ச் சேரும் நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். அன்று மதியம் பூட்ஸ் அளவு பார்த்து, கிண்ணம் போன்ற அந்தப் புல்வெளியின் சிறு சரிவில் நாலு முறை விழுந்து எழுந்து பழகுங்கள். உச்சிக்கான டிக்கெட் அதற்கடுத்த நாளுக்கோ, முடிந்தால் அதற்கும் அடுத்த நாளுக்கோ இருக்கட்டும்.