பாடுவது பேரன், பேசுவது பாட்டி!

"ஓசை போதாது" என்கிறார் ஒருவர். "வாத்தியம் குறைவு" என்கிறார் இன்னொருவர். "படத்துப் பாட்டில் இருக்கும் பளபளப்பு இதிலே எங்கே?" என்று உதட்டைப் பிதுக்குகிறார் மூன்றாமவர்.

எதைப் பற்றி இத்தனை குறை? 2024இல் வெளிவந்த 'வள்ளியம்மா பேராண்டி' என்ற பாட்டுத் தொகுப்பைப் பற்றி! எழுதியவரும் பாடியவரும் அறிவு, அரக்கோணத்துக்காரர், ராப் பாடகர். குழுவோடு நின்று பாடியவர், படங்களுக்குப் பாட்டு எழுதியவர், தம் பெயரில் தனித்து நின்று தந்திருக்கும் முதல் தொகுப்பு இது.

குறை சொல்லும் நண்பர்களைக் கேட்கிறேன்: ஓசையை அளந்தீர்கள், சரி! சொல்லை நிறுத்துப் பார்த்தீர்களா? பந்தலின் அகலத்தைப் பார்த்துவிட்டு, மேடையில் பேசியவன் என்ன சொன்னான் என்று கேளாமலே வீடு திரும்புவோர் உண்டு. பந்தல் போட்டவருக்கு அது மகிழ்ச்சி தரலாம். பேச வந்தவனுக்கு?

ராப் என்பது என்ன, தோழர்களே? பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கும் கலை. தாளத்தின் முதுகில் ஏறிச் சொல் சவாரி செய்யும் கலை. பிறந்த ஊர் அமெரிக்காவின் நியூயார்க். அதிலும் செல்வர் வாழும் வீதியல்ல, பிராங்ஸ் என்ற ஏழைப் பகுதி. 1973 ஆகஸ்டு 11 அன்று அங்கே ஒரு குடியிருப்புக் கட்டிடத்தின் கூடத்தில் நடந்த ஆட்டபாட்டத்தை இந்தக் கலையின் பிறந்தநாளாகவே கொண்டாடுகிறார்கள். நடத்தியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, கூல் ஹெர்க் என்ற கறுப்பின இளைஞர். வாத்தியக் குழுவா வைத்திருந்தார்? இல்லை! இசைத்தட்டுச் சுழலிகள்தாம். பழைய இசைத்தட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். அதன்மேல் சொல் ஏறிற்று. தாளம் இரவல், சொல் சொந்தம்! 1982இல் 'தி மெசேஜ்' என்ற பாட்டு வந்தபோது, ஆட்டத்துக்கென்று பிறந்த கலை ஏழைத் தெருவின் அவலத்தை உரக்கப் பேசிற்று.

"அமெரிக்கச் சரக்குதானே? நமக்கென்ன உறவு?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். தரமணி வரை வாருங்கள், உறவைக் காட்டுகிறேன்.

தரமணி என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது டைடல் பூங்கா. கண்ணாடி மாளிகைகள், உள்ளே கணினி முன் அமர்வோர், அவர்கள் வருமுன்னே வந்து தரை துடைப்போர், வாசல் காப்போர், உணவு சுமப்போர்! அதே தரமணியில் வேறு மூன்று இடங்கள் உண்டு. 1970இல் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஒன்று. எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இன்னொன்று. மூன்றாவது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கேதான் நமக்கு வேலை!

கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. வாழ்நாளெல்லாம் அச்சுத்தாள் தேடி அலைந்தவர். நூல்கள், இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள்... பிறர் எடைக்குப் போட்டதை அவர் எடுத்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் செல்வம் காக்கப்பட்டு, 1994இல் நூலகமாயிற்று.

குஜிலிப் பாட்டுப் புத்தகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில், மலிவுத் தாளில் அச்சிட்டு, சில காசுக்கு விற்ற சிறு நூல். புயலா? பாட்டு! கொலை வழக்கா? பாட்டு! ரயில் வந்ததா? பாட்டு! வேலைநிறுத்தமா? அதற்கும் பாட்டு! பாட்டின் தலைப்பிலே, இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி. மெட்டு ஊருக்கெல்லாம் தெரிந்தது. சொல் மட்டுமே புதிது. சந்தியில் நின்று ஒருவர் பாடினார். எழுத்தறியாதவரும் சேதி தெரிந்துகொண்டார். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற பெயரில் இதைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார்.

அங்கே இசைத்தட்டுச் சுழலி. இங்கே ஊரறிந்த மெட்டு. இரண்டு இடத்திலும் காசில்லாதவன் இசையை இரவல் வாங்கினான், சொல்லைத் தன் நெஞ்சிலிருந்து எடுத்தான். இதுதான் உறவு!

அந்த முச்சந்தியின் வாரிசுதான் அறிவு. அயோத்திதாசப் பண்டிதர், மக்கள்தொகைக் கணக்கில் எங்களைச் சாதியற்ற தமிழர் என்று எழுதுங்கள் என்றாரே, அந்தக் குரலிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. இரஞ்சித்தின் முயற்சியால் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய அந்தக் குழுவில் அறிவும் ஒருவர். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் தொடங்கிய ஏட்டின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர்! ஏழையின் கைக்கு எட்டவேண்டும் என்ற எண்ணமே பெயர்! 2019இல் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து ஒரு தொகுப்பு தந்தனர். அதற்குப் பெயர் 'தெருக்குறள்'. தெருவிலே பிறந்ததைத் தெருப் பெயரோடே நிறுத்தினார்கள்.

இப்போது தனித் தொகுப்புக்கு வருவோம்.

ராப் பாடகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் பெயரைத் தானே முழக்குவார்கள். தன் திறமையைத் தானே மெச்சி மார்தட்டுவார்கள். அது அந்தக் கலையின் மரபு, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், முதன்முதலாகத் தனித்து நின்ற அறிவு என்ன பெயர் சூட்டினார்? 'நான் இன்னான்' என்று சொல்லவில்லை. 'நான் வள்ளியம்மாவின் பேராண்டி' என்றார்! முன்னெழுத்தாகத் தந்தை பெயரைப் போடும் நாட்டில், தொகுப்பின் முகப்பிலே பாட்டியின் பெயர். பட்டம் இல்லை, பரம்பரைப் பெருமை இல்லை. உழைத்த கிழவியின் பெயர்!

யார் இந்த வள்ளியம்மா? பேரனே பலமுறை சொல்லியிருக்கிறார்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர்.

ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்குள்ளே எத்தனை கண்ணீர் இருக்கிறது, தெரியுமா?

19ஆம் நூற்றாண்டில், காப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆள் பிடித்தார்கள் கங்காணிகள். பஞ்சம் துரத்தியது, கடன் விரட்டியது, சாதிக் கொடுமை பிடரியைப் பிடித்துத் தள்ளியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டோர் பலர். பிறகு காப்பிச் செடியை நோய் தின்றது; தேயிலை வந்தது. செடி மாறிற்று, கூலியின் வாழ்வு மாறவில்லை.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மூட்டை பிரித்தார்களா? மக்களைப் பிரித்தார்கள்! தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாம், அவர்களில் பலருக்கு அதன்பின் நீலகிரி, அங்கேயும் தேயிலை! அக்கரையில் 'இந்தியாக்காரன்' என்றார்கள். இக்கரையில் 'சிலோன்காரன்' என்றார்கள்.

ஒப்பந்தத்தில் எண் இருக்கிறது. பெயர் இருக்கிறதா? தோட்டத்திலே கொழுந்து கிள்ளிய இலட்சக்கணக்கான கைகளில் ஒரு கைக்காவது பெயர் வேண்டாமா? அரசாங்கக் கணக்கேடு எழுதாமல் விட்ட பெயரைப் பேரன் எழுதினான். தொகுப்பின் முகப்பிலேயே எழுதினான். இதைச் சொல்ல எத்தனை வயலின் வேண்டும் என்கிறீர்கள்?

சொல்லை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல் தந்தவனின் பெயர் என்ன ஆகிறது என்பதை நாம் கண்ணெதிரே பார்த்தோம்.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடினார்கள், சொல் அறிவுடையது, ஊற்று, பாட்டி வள்ளியம்மாவின் வாழ்வு. கோடிக்கணக்கானோர் கேட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசை இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார், பலரும் எழுப்பினர், பிறகு அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்றை அந்த இதழ் வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழா. அந்தப் பாட்டு மேடையில் ஒலித்தது. அறிவு அங்கே இல்லை. தம் உழைப்பைச் சொல்லி அவர் எழுதினார். இசையமைப்பாளரும் பாடகியும் தத்தம் விளக்கத்தைத் தந்தனர்.

அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பலர் கூடி இழுத்த தேரில் யார் கை வலிமை எவ்வளவு என்று தூரத்தில் நிற்பவன் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்வேன். கூட்டு உழைப்பில் ஒரு பெயர் மங்குமானால், முதலில் மங்குவது பெரும்பாலும் சொல் எழுதியவனின் பெயர்தான். 1959இல், 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழைப்பாளியின் குரலைத் திரைக்குள் கொண்டுசென்றார். ஆனால் வாயசைத்தவன் கதாநாயகன். கொட்டகையில் விசில் பறந்ததும் கதாநாயகனுக்கு! அறிவும் 2021இல் வெளிவந்த 'மாஸ்டர்' படத்துக்கு 'வாத்தி ரெய்டு' எழுதினார். கூடப் பாடவும் செய்தார். அங்கே காட்சிக்கு ஏற்ற சொல் வேண்டும். தனித் தொகுப்பில் காட்சி இல்லை, கதாநாயகன் இல்லை. எழுதியவனே பாடுகிறான், பாடியவனே பொறுப்பேற்கிறான். ஓசையின் பளபளப்புக் குறைந்தாலும் இந்தப் பொறுப்புக்கு ஈடாகாது.

குறையே இல்லையா என்றால், உண்டு. ராப்பின் வேகத்தில் சொல் ஓடும். ஒருமுறை கேட்டால் பாதி கை நழுவும். சொல்லுக்குச் சொல் மோதவிடுவதில் ஒரு போதையும் இருக்கிறது. எதுகை கிடைத்த மகிழ்ச்சியில் பொருளைக் கைவிடும் ஆபத்து அதிலே உண்டு. மேடைத் தமிழில் வளர்ந்த நமக்கா அது தெரியாது? கைதட்டல் வாங்கும் சொல் வேறு. கணக்குக் கேட்கும் சொல் வேறு. இந்த இளைஞரிடம் நான் மதிப்பது இரண்டாவதை.

இசையே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. நாகூர் ஈ.எம். அனிபாவின் குரல் எழுந்தால் திடல் நிமிர்ந்து உட்கார்ந்ததை மறப்போமா? குரல் நம்மை நிறுத்தியது. ஆனால் கூட்டம் கலைந்தபின் வீட்டுக்கு நாம் எடுத்துச்சென்றது சொல்லை!

ஆகவே, தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொகுப்பைக் கைப்பேசியில் ஒருமுறை ஓடவிட்டு முடித்துவிடாதீர்கள். படிப்பகத்தில் பத்துப் பேர் உட்காருங்கள். கேளுங்கள், நிறுத்துங்கள், மறுபடி கேளுங்கள். புரியாத இடத்தைப் புரிந்தவர் சொல்லட்டும். 1964 ஒப்பந்தத்தைப் பற்றி, மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம் அருகில் இருந்தால், அவர்களையே அழைத்துக் கேளுங்கள்.

எழுதியவருக்கும் ஒரு வேண்டுகோள். முன்பெல்லாம் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். அதுபோல இந்தத் தொகுப்பின் சொற்களை, மலிவு விலையில், சின்னப் புத்தகமாக அச்சிட்டுத் தாருங்கள். தரமணியில் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு இறங்கும் அம்மாவுக்கும் அது எட்டவேண்டும். ஒரு படி அதே தரமணியில், ரோஜா முத்தையா நூலகத்தில், பழைய குஜிலிப் புத்தகங்களின் பக்கத்திலே இருக்கட்டும். ஐம்பது ஆண்டு கழித்து வரும் பிள்ளை அதைப் புரட்டும்போது, முதற்பக்கத்தில் எழுதியவர் பெயரும் முகப்பில் வள்ளியம்மாவின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கவேண்டும்.