விரல் நீட்டிப் பேசும் ஓட்டுநர்கள்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் நான். "கோயில்கள் எனக்கு, ரயில்கள் உங்களுக்கு" என்ற என் துணைவியாரின் ஒப்பந்தத்தோடுதான் ஆறு நாள் பயணமாக டோக்கியோவில் இறங்கினோம்.

அங்கிருந்து ஷின்-ஒசாகாவுக்கு 515 கி.மீ. 1964 அக்டோபர் 1 அன்று புல்லட் ரயில் தொடங்கியபோது 4 மணி நேரம். இன்று அதிவேக வண்டியில் சுமார் இரண்டரை மணி. பழைய பாதைகளின் அகலம் 1067 மி.மீ. இதற்கென்றே 1435 மி.மீ. அகலத்தில் தனிப் பாதை போட்டார்கள். லெவல் கிராசிங் ஒன்றுகூடக் கிடையாது. நிலநடுக்கத்தின் முதல் அலையைக் கருவிகள் உணர்ந்ததுமே மின்சாரம் நின்று, பிரேக் பிடிக்கிறது. புல்லட் ரயில் தடம் புரண்டோ மோதியோ இதுவரை பயணி ஒருவர்கூட இறந்ததில்லை.

ஆளில்லாத கேட் ஒன்றில் நொறுங்கிய வேனின் அருகே ஓர் இரவு முழுவதும் நின்றவன் நான். அதனால் ஜன்னலோரத்தில் என் கண்கள் கலங்கின. நம் அகலப் பாதைகளிலும் அத்தகைய கேட்டுகள் 2019 ஜனவரியில்தான் முற்றிலும் ஒழிந்தன.

கியோட்டோவில் கோயில்களைப் பார்த்துவிட்டு உள்ளூர் ரயிலில் ஏறினோம். ஓட்டுநர் கையுறை அணிந்த விரலை நீட்டி ஏதோ சொன்னார்.

"ஏங்க, யாரோட பேசறார்?"

"சிக்னலோட."

கண்ணால் பார்த்து, விரலால் சுட்டி, வாயாலும் சொன்னால் கவனம் பிசகாது. இது அங்கே ரயில் ஊழியர்களின் அன்றாடப் பழக்கம்.

டில்லி திரும்பியபின், தூங்கப் போகுமுன் கேஸ் சிலிண்டரைச் சுட்டி, "மூடியாச்சு" என்கிறார் என் துணைவியார். நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத பாதுகாப்பு!