படகோரம் வந்து தப்பும் மீன்

சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்கு ஆறு அயலான பொருளன்று. இரத்தினபுரிப் பக்கத்தவருக்குக் களு கங்கையும், கேகாலைப் பக்கத்தவருக்குக் களனி கங்கையும், இவற்றில் வந்து கலக்கும் ஓயாக்களும் நாள்தோறும் காதில் விழும் ஓசைகளாகும். தேயிலை மலையிலும் இறப்பர்க் காட்டிலும் வாரம் முழுதும் உழைத்தவர், ஓய்வு நாளில் மூங்கிற்கழியும் தங்கூசியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வதுண்டு. மாலையில் அவர் மீளும்போது லயத்து வாசலில் கேட்கும் கதை பெரும்பாலும் ஒன்றேதான்: "பெரிய மீன்! பக்கத்தில் வந்துவிட்டது; கை வைக்கப் போகும் நேரத்தில் போய்விட்டது!"

கேட்பவர் சிரிப்பர். தப்பிய மீன் என்றைக்கும் பெரிய மீன்தானே என்று கேலி பேசுவர். ஆயினும் அக்கதையில் உண்மை இல்லாமலில்லை. நடு ஆற்றில் அரை நாழிகை தாக்குப்பிடித்த நூல், படகின் அருகே இரண்டு பாகத் தூரத்தில் அறுந்துபோவதைத் தூண்டிற்காரர் பலரும் கண்டிருக்கின்றனர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அவர்கள் தலைவிதியை நொந்துகொள்கின்றனர். ஆனால், இங்கே நோக வேண்டியது தலைவிதியை அன்று. பள்ளி மாணவர் படிக்கும் பௌதிகமும், மீனின் இயல்பும், மனிதனின் அவசரமும் சேர்ந்தே மீனை மீட்டுக்கொண்டு போகின்றன. முதலிரண்டையும் அறிந்தால் மூன்றாவதை அடக்கலாம்.

நூலின் கணக்கு

தங்கூசி என்று நாம் வழங்கும் நைலோன் நூல் இழுத்தால் நீளும் தன்மையது. நூறு அடி நூல் பத்தில் ஒரு பங்கு நீளுவதாக வைத்துக்கொள்வோம். மீன் திடீரென வெட்டி இழுக்கும்போது பத்து அடி நீட்சி அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றது. மீன் படகருகே வந்து, ஆறு அடி நூல் மட்டுமே வெளியே நிற்கும்போது நீட்சி எவ்வளவு? அரை அடிக்குச் சற்று மேல், அவ்வளவே. அதே மீன், அதே வெட்டு; ஆனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இப்போது ஒன்றுமில்லை. அது முழுவதும் முடிச்சின்மீதும் முள்ளின்மீதும் விழுகின்றது. பின்னல் நூல் கொண்டு மீன் பிடிப்போர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அந்நூல் நீளுவதே அரிது.

இரண்டாவது கணக்கு நிறையைப் பற்றியது. மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பை அதனை நீரில் மிதக்கச் செய்கின்றது. ஆகவே நீருக்குள் இருக்கும் வரை ஐந்து கிலோ மீனும் நூலுக்கு ஏறக்குறையப் பாரமே இல்லாதது. அதன் நீச்சல் வலிமையும் ஆற்றின் ஓட்டமுமே நூலை இழுக்கின்றன. தண்ணீருக்கு மேலே தூக்கிய கணமே ஐந்து கிலோவும் நூலில் தொங்குகின்றது. துள்ளினால் இழுப்பு அதனினும் பெருகும். மூன்று கிலோ தாங்கும் நூலைக் கொண்டு ஐந்து கிலோ மீனைப் படகுவரை கொண்டுவரலாம். படகுக்குள் தூக்க இயலாது. "இவ்வளவு தூரம் வந்தது, இனி என்ன?" என்று நூலைக் கையிற் பற்றித் தூக்குபவர் மறப்பது இந்த உண்மையையே.

மூன்றாவது, மீனின் கண். தொலைவில் உள்ள மீன் தன்னை இழுப்பது எதுவென்று அறியாது. படகின் நிழலையும் மனிதனின் அசைவையும் கண்டதும், ஓய்ந்துபோனதாகத் தோன்றிய மீன் தன் கடைசி வலிமையைத் திரட்டிப் பாய்கின்றது. அனுபவசாலி அந்தப் பாய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பான். மற்றவன் அதற்குள் வலையைத் தேடத் திரும்பியிருப்பான்.

ஓர் உழவர் மகனின் மீன்

உலகத் தூண்டிற்காரர் இன்றும் பேசும் பெருமீன் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஓக்மல்கீ ஆற்றின் பழைய வளைவொன்றில் நீர் தேங்கி உண்டானது மொண்ட்கோமெரி ஏரி. 1932ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் நாள் ஜோர்ஜ் பெரி என்னும் இருபது வயது உழவர் மகன், தன் நண்பர் ஜாக் பேஜுடன் அங்கே சென்றான். மழையால் நிலம் சேறாகி, அன்று வயலில் வேலை செய்ய இயலவில்லை. கையாற் செய்த படகு ஒன்று. இருவருக்கும் சேர்த்துத் தூண்டிற்கழி ஒன்று. மரத்தாற் செய்த பொய்யிரை ஒன்று. ஒருவன் வீசும்போது மற்றவன் துடுப்புப் போடுவான்.

பெருவாய்ப் பாஸ் என்னும் நன்னீர் மீன் அவன் இரையைக் கவ்வியது. முதலில் அடிமரம் ஒன்றில் முள் சிக்கிவிட்டதென்றே எண்ணியதாகப் பெரி பிற்காலத்திற் கூறினான். பின்னர் அந்த 'மரம்' நகரத் தொடங்கியது! ஹெலீனா என்னும் ஊரில் நிறுத்தபோது அம்மீன் 22 இறாத்தல் 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகம், இருந்தது. தந்தையை இழந்த அக்குடும்பம் அம்மீனைச் சமைத்து உண்டது. பின்னர் ஒரு சஞ்சிகை நடத்திய போட்டியில் 75 டொலர் பெறுமதியான பொருள்கள் பரிசாகக் கிடைத்தன.

எழுபத்தேழு ஆண்டுகள் அந்த நிறையை எவரும் எட்டவில்லை. 2009ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரீத்தா என்பவர் 22 இறாத்தல் 5 அவுன்ஸுக்கு மயிரிழை குறைவான பாஸ் ஒன்றைப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது மிகுதி வேண்டுமென்பது விதி. ஆதலால் இருவரும் சமமாகவே பதிவாகினர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெரியின் கையில் விலையுயர்ந்த கருவி ஏதும் இருக்கவில்லை. ஒரே கழியை வைத்திருந்த காரணத்தால் ஒருவன் மீனைப் பார்க்க, மற்றவன் படகைப் பார்த்தான். இந்த வேலைப் பங்கீடே படகில் மீன் பிடிப்போர் முதலிற் கற்க வேண்டிய பாடம்.

செய்ய வேண்டியவை

மீன் கவ்வுவதற்கு முன்பே யார் தூண்டில் பிடிப்பது, யார் வலை பிடிப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிடியுள்ள கைவலையை, அதாவது அத்தாங்கை, கையெட்டும் இடத்தில் வையுங்கள். மீன் அகப்பட்டதும் நங்கூரக் கயிற்றையும் துடுப்பையும் படகுக்குள் எடுத்துவிடுங்கள்; நூல் சுற்றிக்கொள்ள இவற்றைவிட வசதியான பொருள் வேறில்லை.

றீல் உள்ள கழியாயின் அதன் பிடிப்புத் திருகை முன்கூட்டியே அளவாக வைத்தல் வேண்டும். நூல் தாங்கும் வலிமையின் மூன்றில் ஒரு பங்கு இழுப்பிலேயே நூல் ஓடத் தொடங்குவது நன்று. மீன் படகை நெருங்கியதும் திருகை இறுக்குவது பெரும்பாலோர் வழக்கம். சற்றுத் தளர்த்துவதே முறை. றீல் இல்லாத மூங்கிற்கழியாயின் கழியின் வளைவே உங்கள் திருகு. மீன் பாயும் திசைக்குக் கழியைத் தாழ்த்திக் கொடுங்கள். ஆனால் நூல் ஒருபோதும் தொய்யலாகாது. தொய்ந்த நூலில் முள் தானே கழன்றுவிடும்.

கழியைத் தலைக்கு மேல் செங்குத்தாக உயர்த்தாதீர்கள். அப்போது கழியின் நுனி மட்டுமே வளைந்து, அவ்விடத்தில் முறியும். மீன் துள்ள எழுவதைக் கண்டால் கழியைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். வாயைத் திறந்து தலையை உதறும் அந்தத் துள்ளலிலேயே பல மீன்கள் முள்ளைக் கழற்றி எறிகின்றன. மீன் படகுக்கு அடியிற் புகுந்தால் எதிர்த்து இழுக்க வேண்டா. கழியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, படகின் முனையைச் சுற்றி நூலை மறுபக்கம் கொண்டுபோங்கள். படகின் அடிப்பலகையில் உரசிய நூல் நிலைக்காது.

மீன் பக்கம் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டும்போதே வலைக்குரிய வேளை. அத்தாங்கை முதலில் நீருக்குள் அமிழ்த்தி அசையாமற் பிடியுங்கள். மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் வழிநடத்தி வந்து, பின்பு உயர்த்துங்கள். வாற்பக்கமிருந்து வலையை வீசித் துரத்துவோர், மீனுக்கு ஓடும் திசையைத் தாமே காட்டிக்கொடுக்கின்றனர். பாரமான மீனாயின் வலையின் பிடியைப் பிடித்துத் தூக்காது, விளிம்பைப் பற்றித் தூக்குங்கள்.

நம் ஆற்று மீன்கள்

பெருவாய்ப் பாஸ் நம் நாட்டு மீனன்று. அது புதிய நீர்நிலைகளில் விடப்பட்டபோது அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்த்த காரணத்தால், உலகின் மிகக் கேடான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாக உள்ளது. ஆகவே அது நமக்கு வேண்டா. நமக்குரிய பெருமீன்கள் வேறு.

ஆறுகள் கடலோடு சேரும் கழிமுகங்களில் கொடுவா உண்டு. அது பாஸைப் போலவே துள்ளும் மீன். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல நூலையும் விரலையும் அறுக்க வல்லது. மலையடிவாரக் கற்களுக்கிடையே ஓடும் தெளிந்த நீரில் மகாசீர் உண்டு. சிங்களத்தில் லெஹெல்லா என்பர். அது துள்ளுவதைவிட நீரோட்டத்தோடு நெடுந்தூரம் ஓடுவதையே விரும்பும். அதன் தாடையிற் பல்லில்லை. ஆனால் தொண்டைக்குள் உள்ள பற்கள் மெல்லிய முள்ளை நசுக்கிவிடும்.

மகாசீர் எவ்வளவு பெரிதாகும் என்பதற்குக் காவிரிப் படுகையே சான்று. 1946ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் டி வெட் வான் இங்கன் பிடித்த மகாசீர் 120 இறாத்தல் நிறையுடையது. அந்தக் காவிரித் திமில் மகாசீர் இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கின்றது. நம் ஆற்று மகாசீரும் சேற்று நீரில் வாழமாட்டாது. மாணிக்கக் குழிகளின் சேறும், மணல் அகழ்வும், நஞ்சும், வெடியும் அதன் பகைவர். வெடியாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டம் தடைசெய்கின்றது.

கொடுவாவில் இன்னொரு விந்தையும் உண்டு. அது முதலில் ஆணாக வாழ்ந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறுகின்றது. ஆகவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் ஒரு தாய்மீனே. வீட்டு அடுப்புக்கு நடுத்தர மீன் போதும். தாயை ஆற்றுக்கே விடுவது அடுத்த ஆண்டின் கறிக்கு முதலீடாகும். விடுவதானால் நனைந்த கையாலேயே தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றையும் தாங்கிப் பிடியுங்கள். நீருக்குள் நேராகப் பிடித்திருந்து, அது தானே உந்திச் செல்லும்போது கையை விடுங்கள். நெடுநேரம் இழுத்துக் களைக்கச் செய்த மீன், நீந்திப் போனாலும் பின்னர் இறந்துபோகலாம். ஆகவே ஆட்டத்தை வீணே நீட்டுவதும் தவறு.

மீனைவிட உயிர் பெரிது

படகோரத்தில் தப்புவது மீன் மட்டுமாயின் கவலையில்லை. மீனைக் கண்ட மகிழ்ச்சியில் படகில் உள்ள அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். ஒருவர் எழுந்தால் மற்றவர் அமர்ந்திருத்தல் வேண்டும். மிதவை அங்கி அணிதல் வேண்டும். மலையில் பெய்த மழை, வெயில் எறிக்கும் ஆற்றில் திடீரென வெள்ளமாக இறங்குவதும் உண்டு. 2003ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் களு கங்கை இரத்தினபுரியில் செய்த அழிவை நம்மவர் மறந்திருக்கமாட்டார். நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் எத்தகைய மீனையும் விட்டுக் கரையேறுவதே அறிவுடைமை. பிள்ளைகளைத் தனியே ஆற்றுக்கு அனுப்புவது ஒருபோதும் ஆகாது.

முள்ளைக் கூராக்குவதும், முடிச்சை நனைத்து இறுக்கிப் பார்ப்பதும், அத்தாங்கை அருகே வைப்பதும் காசு கேட்கும் காரியங்கள் அல்ல. மீன் கண்ணில் பட்ட பின்பு நூலைத் தளர்த்திக் கொடுக்கும் மனமே அரிதானது. அந்த மனம் வாய்த்தவர் வீட்டில், "போய்விட்டது" என்ற கதைக்குப் பதிலாக, மாலையில் மீன்குழம்பு மணக்கும்.