பிள்ளையை ஒப்படைக்கும் இடம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியைச் சூழ்ந்த நெருக்கமான தெருக்களிலும், காலை 8 மணியளவில் நடந்து செல்பவர், பழைய வீடுகளின் முன்விறாந்தையிலோ தொடர்மாடியொன்றின் கீழ்த்தளத்திலோ இயங்கும் முன்பள்ளிகளைக் காணாதிருக்க முடியாது. அங்கே பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார், ஆங்கிலம் எப்போது தொடங்கும், எழுத்து எப்போது வரும், பெரிய பாடசாலையின் நேர்முகத்துக்குப் பிள்ளை ஆயத்தமாகுமா என்று விசாரிக்கிறார்கள். கொழும்பில் பாடசாலை அனுமதிக்குப் படும் பாட்டை அறிந்தவர் எவரும் இக்கேள்விகளைக் குறை சொல்லமாட்டார். ஆயினும், ஏதேனும் அபாயம் நேர்ந்தால் இத்தனை பிள்ளைகளும் எவ்வழியாக வெளியேறுவார்கள் என்ற கேள்வி இவையனைத்துக்கும் முந்தியது. அதைக் கேட்பவரோ மிகச் சிலர்.

இந்நகரின் வீடுகள் கள்வருக்கும் கலவரத்துக்கும் அஞ்சிய நீண்ட காலத்தில் உருவானவை. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, வாசலுக்குக் கிறில், கிறிலுக்கு ஆமைப்பூட்டு என்று, உள்ளே வருவதைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் யாவும் வெளியே போவதையும் தடுக்கின்றன. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக்கூடாதென்ற நல்லெண்ணத்தினாலேயே வகுப்பு நேரத்தில் கிறிலைப் பூட்டி, சாவியைச் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைக்கும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். அதே சமையலறையில் அடுப்பும் எரிவாயு உருளையும் இருந்தன. தீ எங்கே பிறக்குமோ அங்கேயே சாவியும் தொங்குகிறது என்பது அங்கிருந்தோர் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் நிகழ்ந்ததைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கிருஷ்ணா பள்ளிக் கட்டடத்தில் சமையற்கட்டில் மூண்ட நெருப்பு கூரைக் கீற்றைப் பற்றி வகுப்பறைகளுக்குப் பரவ, ஒடுங்கிய படிக்கட்டை நம்பியிருந்த இளஞ் சிறார்களில் 94 பேர் மாண்டனர். நம் முன்பள்ளிகளுக்குக் கீற்றுக் கூரை இல்லையென்று ஆறுதல் கொள்வதற்கில்லை. அன்று கூரையோடு சேர்ந்து உயிர்களைக் கொண்டுபோனது வழியின்மை. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும், ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்திலமைந்த ஒரு நாதாங்கியும், தடையற்ற இரண்டாவது வாசலும், மாதத்துக்கொரு முறை பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துச் செல்லும் பயிற்சியும் பெருஞ் செலவுக்குரிய காரியங்கள் அல்ல.

மற்ற அபாயங்கள் சிறியனவாகத் தோன்றினும் அன்றாடம் கூட இருப்பவை. ரம்புட்டான் காலத்தில் வழுக்கும் அதன் விதையும், எந்தக் காலத்திலும் கச்சானும், சிறு பிள்ளையின் தொண்டையை அடைத்துச் சில நிமிஷங்களில் உயிரைப் பறிக்கவல்லவை. அப்போது முதுகில் எப்படித் தட்டவேண்டுமென்று அறிந்த ஒருவர் அவ்விடத்திலேயே இருந்தாக வேண்டும். இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்துக்குரியோராகப் பதிவான 2017ஆம் ஆண்டை அனுபவித்த நாம், அந்நுளம்பு பகலிற் கடிப்பது என்பதையும், பூச்சட்டித் தட்டில் தேங்கிய நீரே அதற்குப் போதுமென்பதையும் மறக்கலாகாது.

பாதுகாப்பு இவ்வாறிருக்க, தரம் என்பது யாது? 1944இல் மரியா மொன்ரிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் தெருத்தோறும் உண்டு. உள்ளே சென்றால், தானே எடுத்துத் தானே செய்து பழகவேண்டிய பிள்ளை, கைகட்டி அமர்ந்து கொப்பியில் எழுத்துக்களை நிரப்புவதைக் காண்கிறோம். அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபர்ட் ஆகியோர் 1980இல் வெளியிட்ட அளவுகோலைத் தழுவி, சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தமிழ்நாட்டுப் பாலர் நிலையங்களுக்கென ஓர் அளவுகோலை வகுத்தனர். இடவசதி, சுத்தம், போஷாக்கு ஆகியவற்றோடு, ஆசிரியை பிள்ளையோடு எவ்விதம் பேசுகிறார் என்பதையும் இத்தகைய அளவுகோல்கள் நோக்குகின்றன. என் அபிப்பிராயத்தில் அதுவே பிரதானம். ஒரு பெண்குழந்தை சப்பாத்தின் பட்டியைப் பூட்டத் தெரியாமல் விம்மிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியை நிலத்தில் மண்டியிட்டு, தாமே பூட்டிவிடாமல், "எந்த ஓட்டைக்குள்ள போடுவம், அம்மா?" என்று கேட்டுக் காத்திருந்ததைப் பார்த்தேன். மொழியும் பொறுமையும் தன்னம்பிக்கையும் அந்தச் சிறுபொழுதில் ஒருங்கே புகட்டப்பட்டன. முப்பது பிள்ளைகளுக்குத் தனியொருத்தியாக நிற்பவரால் அப்படிக் காத்திருக்க இயலாது.

சட்டம் இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளிடம் சேர்ந்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. சிறுவருக்கு இழைக்கப்படும் கொடுமையை 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் எவரும் அதற்கு அறிவிக்கலாம். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கென 2017இல் தேசிய வழிகாட்டி நெறிகளும் தயாராயின. ஆனால் இந்நாட்டு முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாராலும் சமய, சமூக ஸ்தாபனங்களாலும் நடத்தப்படுபவை. அவற்றின் ஆசிரியைகளுக்கு அரசாங்க ஆசிரியருக்குரிய சம்பளமுமில்லை, ஓய்வூதியமுமில்லை. கட்டடத்துக்கு நியமம் வகுத்துவிட்டு, அதனுள் நிற்பவரின் ஊதியத்தைப் பெற்றோரின் மாதக் கட்டணத்துக்கே விட்டுவிட்டோம். பழகிய ஆசிரியை கூடுதற் சம்பளத்துக்காக வேறு தொழிலுக்குப் போய்விட, தாயைப் பிரிந்துவந்த பிள்ளை மறுபடியும் ஓர் அந்நியரோடு பழகத் தொடங்குகிறது.

ஆண்டிறுதியில் விடுகை விழா வருகிறது. மண்டப வாடகை, அங்கியும் தொப்பியும், படப்பிடிப்பு, நடன உடை என்று ஒவ்வொரு குடும்பமும் மனமுவந்து செலவு செய்கிறது. அவ்விழாவைப் பள்ளியின் முற்றத்திலேயே எளிமையாக நடத்தி, மிஞ்சும் பணத்தை உதவி ஆசிரியை ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்குவோமென்று பெற்றோர் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்து சொன்னால், நடத்துபவர்கள் மறுக்கமாட்டார்களென்றே நம்புகிறேன். அதே கூட்டத்தில் மாகாணப் பதிவுச் சான்றிதழைக் காட்டும்படியும், சாவியை அந்த ஆணியிலிருந்து எடுக்கும்படியும் கேட்கலாம்.